நல்ல தண்ணீர்க் கிணறு

அப்பன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்புத் தண்ணீரைக் குடித்துக் கொண்டிருக்க வேண்டுமா என்று ஒரு பழைய கேள்வி உண்டு. சீர்திருத்தம் பேசுகிறவர்களுக்கெல்லாம் கைகொடுக்கிற கேள்வி அது. மேடையில் அதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால், யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எந்தக் கஷ்டமும் இல்லை. உப்பாக இருந்தால் குடிக்காதே. வேறு கிணறு வெட்டிக் கொள். இதைச் சொல்ல ஞானி வர வேண்டியதில்லை, நாக்கு இருந்தால் போதும்.

கஷ்டமான கேள்வி வேறொன்று. அப்பன் வெட்டிய கிணற்றில் தண்ணீர் தேனாக இருந்தால் என்ன செய்வது? ஊரே வந்து மொண்டு கொண்டு போகிறது, வெளியூரிலிருந்தும் வருகிறார்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை அதையே இறைத்து ஊற்றிக் கொண்டு காலத்தைக் கழிக்க வேண்டுமா? இல்லை, நல்ல தண்ணீரை விட்டுவிட்டு வேறு இடத்தில் மண்வெட்டியைப் போட வேண்டுமா? முதலாவதைச் செய்தால் சோம்பேறி என்பார்கள். இரண்டாவதைச் செய்தால் நன்றி கெட்டது என்பார்கள். மூன்றாவது வழி உண்டா?

இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் வைத்துத் தர்க்கம் செய்வதைவிட, ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் எடுத்துக் கொள்ளும் குடும்பம் பிரேஸில் நாட்டுக் குடும்பம். தந்தை பெயர் ஜோவா ஜில்பெர்ட்டோ. மகள் பெயர் பெபெல் ஜில்பெர்ட்டோ. 2000-ஆம் ஆண்டில் மகள் வெளியிட்ட முதல் முழு இசைத்தட்டுக்கு ‘டாண்டோ டெம்போ’ என்று பெயர். ‘இத்தனை காலம்’ என்று அதற்குப் பொருள். அப்போது அவருக்கு வயது முப்பத்து நாலை ஒட்டி இருக்கும். இத்தனை காலம் ஏன் ஆயிற்று என்று கேட்டால், தந்தையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஜோவா 1931-ல் பஹையா மாநிலத்தில் ஜுவாஸெய்ரோ என்ற ஊரில் பிறந்தவர். பாட்டுப் பாடிப் பிழைக்கலாம் என்று ரியோ டி ஜெனீரோவுக்குப் போனார், பிழைப்பு நடக்கவில்லை. திரும்பி, டியமான்டினா என்ற மலையூரில் சகோதரியின் வீட்டில் தங்கினார். அந்த வீட்டுக் குளியலறையில் சுவர்கள் ஓசையைத் திருப்பித் தரும் விதம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. மணிக்கணக்கில் அங்கே கிதாரும் கையுமாக உட்கார்ந்து, ஒரே சுரக்கட்டை மறுபடியும் மறுபடியும் மீட்டிப் பார்த்தார். பிறத்தியார் கண்ணுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. ஆனால் அங்கிருந்து அவர் எடுத்து வந்தது ஒரு நாட்டின் சங்கீதத்தையே திசை திருப்பிவிட்டது.

அது என்ன? சாம்பா என்பது தெருவில் பல பேர் சேர்ந்து மத்தளங்களை முழக்கிப் பாடும் பாட்டு. அந்தப் பெரிய முழக்கத்தை ஜோவா ஒரு கிதாருக்குள் ஒடுக்கினார். கட்டைவிரல் பெரிய மத்தளத்தின் வேலையைச் செய்யும். மற்ற விரல்கள் சிறு தாளவாத்தியத்தின் வேலையை, தட்டு தவறியது போல் தவறாமல், செய்யும். அதன் மேல் குரல். குரல் என்றால் நெஞ்சை நிமிர்த்திப் பாடும் குரல் இல்லை. குலுக்கல் இல்லை, இழைப்பு இல்லை. பக்கத்தில் தூங்குகிற குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று பேசுகிறவனுடைய குரல். 1958-ல் வெளிவந்த ஒரு சிறு தட்டும், மறு ஆண்டு வந்த ஒரு பெரிய தட்டும் இதை உலகத்துக்கு அறிவித்தன. டாம் ஜோபிம் மெட்டமைத்தார், வினீசியஸ் தெ மொராயிஸ் வார்த்தை எழுதினார், ஜோவா பாடினார். அதற்குப் ‘போஸா நோவா’ என்று பெயர் வந்தது. ‘நோவா’ என்றால் புதியது. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இந்த மனிதருக்கு மகளாகப் பிறந்தவர் பெபெல். 1966-ல் நியூயார்க்கில் பிறந்தார். தாய் மியூஷாவும் பாடகி. தாய்மாமன் ஷிக்கோ புவார்க்கி பிரேஸிலின் மிகப் பெரிய பாடலாசிரியர்களில் ஒருவர். தாய்வழித் தாத்தா சேர்ஜியோ புவார்க்கி, பிரேஸிலின் வேர்களை ஆராய்ந்து 1936-ல் புத்தகம் எழுதிய வரலாற்றாசிரியர். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேதை உட்கார்ந்திருந்தால் குழந்தை எந்த மூலையில் போய் விளையாடும்?

மகன் தந்தைக்குச் செய்யும் உதவி எது என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார்: இப்படி ஒரு பிள்ளையைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று ஊர் வியக்கும்படி வாழ்வது. சாதாரணத் தந்தைக்குப் பிறந்தவனுக்கு இது கடினமானாலும் நடக்கக் கூடிய வழி. புகழ் பெற்ற தந்தைக்குப் பிறந்தவர்களுக்கோ அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. ‘தந்தை என்ன தவம் செய்தாரோ’ என்று யாரும் கேட்பதில்லை. ‘அவருக்குப் பிறக்க இந்தப் பெண் என்ன தவம் செய்ததோ’ என்றுதான் கேட்கிறார்கள். பெற்ற கடனை எந்த நாணயத்தில் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் எத்தனையோ பேர் திகைத்து நின்று, கடைசியில் ஒன்றுமே கொடுக்காமல் போயிருக்கிறார்கள்.

பெபெல் 1991-ல் நியூயார்க்குக்குக் குடிபோனார். பல பேருடைய தட்டுகளில் பாடினார். மின் கருவிகளால் தாளமும் ஓசையும் உண்டாக்கிக் கோக்கிற புதிய தலைமுறைக் கலைஞர்களோடு பழகினார். பிறகுதான் ‘டாண்டோ டெம்போ’. பெல்ஜியத்துக் கம்பெனி ஒன்று அதை வெளியிட்டது.

அதில் என்ன இருக்கிறது? பழைய பாட்டுக்கள் சில உண்டு. வினீசியஸ் எழுதிப் பேடன் பவல் மெட்டமைத்த சாம்பா ஒன்று. மாமன் ஷிக்கோ எழுதியது ஒன்று. மார்க்கோஸ் வாலியின் கோடைக் காலத்துச் சாம்பா ஒன்று. மகளே சேர்ந்து எழுதிய புதுப் பாட்டுக்களும் உண்டு. கிதார் இருக்கிறது. கிதாருக்கு அடியில், மனிதக் கை தட்டாத ஒரு தாளம், இயந்திரத்திலிருந்து, விட்டு விட்டு வருகிறது. மழை நின்ற பிறகு தாழ்வாரத்தில் சொட்டுகிற மாதிரி ஏதேதோ ஓசைகள் விழுகின்றன. நடுவில் குரல். அந்தக் குரலைக் கேட்டவுடன் இது யார் வீட்டுக் குரல் என்று தெரிந்துவிடுகிறது. சத்தம் போடவில்லை; அலங்காரம் செய்யவில்லை; பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள்.

இந்தத் தட்டை என் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். சங்கீதத்தில் ஊறியவர், தந்தையின் தட்டுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுத் தேய்த்தவர். நாலு பாட்டு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்காக இந்த இயந்திரம்? அந்த மனுஷன் ஊரையே ஒரு கிதாருக்குள் அடக்கினாரே, அதை இந்தப் பெண் மறுபடி மிஷினுக்குள் கொட்டிவிட்டதே!” என்றார்.

நண்பரின் வருத்தம் நியாயமானது என்று தோன்றும். ஆனால் ஒரு விஷயத்தை அவர் மறந்துவிட்டார். தூங்குகிற குழந்தையை எழுப்பாத குரலில் ஜோவா பாடினாரே, அது ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்டது? மைக் இருந்ததால் கேட்டது! ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அப்படிப் பாடியிருந்தால் முதல் வரிசைக்காரன்கூட ‘என்ன சொல்கிறார்?’ என்று கேட்டிருப்பான். தொண்டையைத் திறந்து பாடியாக வேண்டிய அவசியத்திலிருந்து மனிதக் குரலை விடுவித்தது ஓர் இயந்திரம். அந்த விடுதலையை முழுதாகப் பயன்படுத்திக் கொண்டவர் ஜோவா. 1958-ல் ஒலிப்பதிவுக்குப் போனபோது, குரலுக்கு ஒன்று, கிதாருக்கு ஒன்று என்று இரண்டு மைக் கேட்டு அடம் பிடித்தார். அந்த நாளில் அது அதிசயமான கோரிக்கை. ஆகவே போஸா நோவாவுக்குக் கிதார் தாய் என்றால் மைக்தான் செவிலித்தாய். இயந்திரத்தின் மடியில் வளர்ந்த சங்கீதத்தை இயந்திரம் தொட்டுவிட்டது என்று தீட்டுக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை.

நண்பர் சளைக்கவில்லை. “சரி, இயந்திரம் போகட்டும். வெளிநாட்டுச் சரக்கைக் கலந்துவிட்டதே? இது துரோகம் இல்லையா?” என்றார்.

இதே வார்த்தையை 1960-களில் தந்தையின் கூட்டத்தார் மேல் சொன்னார்கள். டின்யோராவ் என்ற விமர்சகர், போஸா நோவா அமெரிக்க ஜாஸின் நகல் என்றும், மக்களின் சாம்பாவை மேல்தட்டு வாலிபர்கள் களவாடிக் கெடுத்துவிட்டார்கள் என்றும் ஓயாமல் எழுதினார். ஜோவாவின் முதல் பெரிய தட்டிலே பழைய சாம்பாக்கள் சில இருந்தன. பெரியவர்கள் வேறு விதமாகப் பாடி வைத்தவை. அவற்றை அவர் தம் வழியில் திருப்பிப் பாடினார். சொந்தமாக அவர் எழுதிய பாட்டுக்கள் மிகக் குறைவு. அவர் செய்ததெல்லாம் பிறர் கிணற்றுத் தண்ணீரைத் தம் குடத்தில் மொண்டதுதான். அன்று துரோகம் என்று சொல்லப்பட்டது இன்று மரபு. இன்று மரபைக் காக்கிறவர்கள் நாளைய மரபைத் துரோகம் என்கிறார்கள். ‘புதியது’ என்று பெயர் வைத்துக் கொண்ட ஒன்றை, பழையதாகவே இருக்க வேண்டும் என்று காவல் காப்பதைப் போன்ற முரண்பாடு வேறு உண்டா?

இவ்வளவோடு நான் நிறுத்திக் கொண்டால் என் கட்சி சுலபமாக ஜெயித்துவிடும். ஆனால் சுலபமாக ஜெயிக்கிற கட்சியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எதிர்த் தரப்புக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். அவர் ஜோவாவேதான்.

1980-களின் இறுதியில் ஒரு பெரிய இசைத்தட்டுக் கம்பெனி, அவருடைய முதல் மூன்று தட்டுகளையும் ஒன்றாகத் திரட்டி, நவீன முறையில் ஒலியைச் செப்பனிட்டு வெளியிட்டது. உலகம் கொண்டாடியது. ஜோவா கொண்டாடவில்லை. என் சம்மதமில்லாமல் என் ஓசையை மாற்றிவிட்டீர்கள், இது நான் பாடியது அல்ல என்று வழக்குத் தொடுத்தார். கம்பெனியார், ‘பாட்டு அதேதானே, குரல் அதேதானே, கொஞ்சம் மெருகுதானே ஏற்றினோம்’ என்ற பாவனையில் நின்றார்கள். வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. படைப்பாளியின் தார்மிக உரிமை பங்கப்பட்டது என்பதைப் பிரேஸில் நீதிமன்றம் ஒப்புக் கொண்டது. அந்தத் தட்டுகள் நெடுங்காலம் கடைகளில் கிடைக்காமலே போயின. ரசிகனுக்கு நஷ்டம், தமக்குப் பண நஷ்டம். ஆனாலும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை.

ஓசையில் மயிரிழை மாறினாலும் பொறுக்காத தந்தை. ஓசையையே மாற்றிப் பாடிய மகள். இருவரில் யார் சரி?

இருவரும் சரி என்றே நான் நினைக்கிறேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. இங்கே இரண்டு வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. ஒருவன் முடித்து, கையெழுத்திட்டு வைத்த காரியத்தில் இன்னொருவன் கை வைப்பது ஒன்று. அந்தக் காரியத்திலிருந்து கற்றுக் கொண்டு தன் பெயரில் இன்னொன்று செய்வது வேறொன்று. முதலாவது, உறங்குகிறவன் முகத்தில் மை பூசுவது. அழகான மையாகவே இருக்கட்டும், அவன் விழித்துக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதில் பூசிக் கொள்வது தன் முகத்தில். அழகாக இருந்தாலும் அசிங்கமாக இருந்தாலும் அதன் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும். மகள் தந்தையின் தட்டை எடுத்து அதன் மேல் இயந்திரத் தாளத்தை ஒட்டவில்லை. தம் குரலை வைத்துத் தம் தட்டைச் செய்தார். பழி வந்தாலும் தமக்கே வரட்டும் என்று தம் பெயரைப் போட்டார். பெற்ற சொத்தை மாற்றலாமா கூடாதா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே விதி இதுதான்: முன்னோன் கையெழுத்தை அழிக்காதே, உன் கையெழுத்தைப் போடத் தயங்காதே.

இதையும் ஒத்துக் கொண்ட பிறகு நண்பர் ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

“தந்தை பாடினால் ஜனங்கள் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். மகள் பாட்டு ஓடுகிறபோது ஜனங்கள் காப்பி குடித்துக் கொண்டு பேசுகிறார்கள்” என்றார் அவர்.

உண்மைதான். ஜோவாவின் கச்சேரிகளைப் பற்றிப் பல கதைகள் உண்டு. குளிர்சாதனம் இரைகிறது என்பார், ஒலிபெருக்கி சரியில்லை என்பார், பேச்சுச் சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்துவார். மெல்லிய குரலை அவர் பயன்படுத்தியது ஊரை மௌனமாக்குவதற்கு. மகளின் தட்டோ, வெளிவந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில், ஹோட்டல் முகப்புகளிலும் துணிக் கடைகளிலும் போய் உட்கார்ந்து கொண்டது. மௌனத்தைக் கேட்ட குரல், பேச்சுக்குப் பின்னணியாகிவிட்டது. இது நஷ்டம் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அது பாடியவரின் குற்றமா, காது கொடுக்காதவரின் குற்றமா? தந்தையின் பாட்டையும்தான் அதே கடைகளில் ஓட விட்டார்கள். நல்ல தண்ணீரில் கால் கழுவுகிறவனுக்காகக் கிணற்றைக் குற்றம் சொல்லலாகாது. விளக்கை அணைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து, அந்தத் தட்டை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதன் அடியில் ஒரு துக்கம் ஓடுவது தெரியும்.

அந்தத் துக்கத்துக்கு ஒரு பெயரும் உண்டு: சூபா. முழுப் பெயர் மிதார் சுபோட்டிச். யூகோஸ்லாவியாவில் நோவி ஸாத் நகரத்தில் 1961-ல் பிறந்தவர். பிரேஸிலின் ஆப்பிரிக்கத் தாளங்களைக் கற்க வந்து, சாவோ பாவ்லோ நகரத்திலேயே தங்கிவிட்டார். ‘டாண்டோ டெம்போ’வின் ஓசையைக் கட்டியவர்களில் முதன்மையானவர் அவர். அவர் பிறந்த ஊரின் டான்யூப் நதிப் பாலங்கள் குண்டுவீச்சில் இடிந்து விழுந்த அதே 1999-ல், நவம்பர் 2-ஆம் தேதி, சாவோ பாவ்லோவில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் தீப்பிடித்தது. புகையில் மூச்சடைத்து இறந்து போனார். வயது முப்பத்தெட்டு. பெபெலின் பதிவுகளை மீட்கப் போய்த்தான் அவர் மாண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் எழுதுகிறார்கள்.

கதாசிரியனுக்கு இது ருசியான முடிவாகத் தோன்றும். கலைக்காக உயிர் கொடுத்த தியாகி என்று இரண்டு பக்கம் எழுதிவிடலாம். நான் அப்படி எழுத விரும்பவில்லை. எந்தப் பாட்டும் ஒரு மனித உயிருக்கு ஈடாகாது. தட்டு எரிந்தால் மறுபடி பாடிக் கொள்ளலாம். எரிந்த மனிதனை மறுபடி பாட முடியாது. அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தால் அவர் கையைப் பிடித்து இழுத்திருப்பேன், வாசகர்களும் இழுத்திருப்பார்கள்.

ஆனாலும் அந்த மரணம் நம்முடைய கேள்வியை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. இவ்வளவு நேரம் தந்தை, மகள், சொத்து என்று இரத்த உறவுக் கணக்காகவே பேசிக் கொண்டிருந்தோம். சூபாவுக்கு அந்த வீட்டோடு இரத்த உறவில்லை. அந்த நாட்டோடு பிறவி உறவும் இல்லை. ஆயினும் அந்தக் கிணற்றின் தண்ணீர் எங்கிருந்து ஊறுகிறது என்று தேடி, கடல் தாண்டி வந்து இறங்கியவர் அவர். வாரிசு என்பவன் யார்? கிணற்றுக்குப் பத்திரம் வைத்திருப்பவனா, அதில் இறங்கித் தூர் வாரியவனா? பத்திரம் பெட்டியில் கிடக்கலாம்; தூர் வாராத கிணறு வற்றிப் போகும். மகளுக்குப் பத்திரம் பிறப்பிலேயே கிடைத்தது. தூர் வார அந்நியர் ஒருவரும் கூட வந்தார். அவர் போன பிறகு, மிச்சமிருந்த பதிவுகளை வைத்து, வேறு சிலருடைய துணையோடு, தட்டை முடித்து வெளியிட வேண்டிய கடமை மகள் தலையில் விழுந்தது. தந்தையிடம் பட்ட கடனோடு நண்பரிடம் பட்ட கடனும் சேர்ந்து கொண்டது. தந்தையின் கடனை மாற்றிப் பாடி அடைத்தார். நண்பரின் கடனை முடித்துக் கொடுத்து அடைத்தார்.

கடன் அத்தோடு தீர்ந்ததா என்றால், இல்லை. கலைக் கடன் வேறு, பிள்ளைக் கடன் வேறு. முதுமையில் ஜோவா உடல் நலிந்து, பணத் தொல்லையிலும் வழக்குகளிலும் சிக்கிக் கிடந்தார். 2017-ல் அவருடைய காரியங்களைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பை நீதிமன்றம் மகளிடம் ஒப்படைத்தது. குடும்பத்துக்குள் அதைப் பற்றி மனத்தாங்கல்கள் எழுந்தன, பத்திரிகைகள் எழுதின. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. 2018 இறுதியில் தாய் மறைந்தார். 2019 ஜூலையில் தந்தை மறைந்தார்.

அதற்குப் பிறகு 2023-ல் மகள் ஒரு தட்டு வெளியிட்டார். பெயர் ‘ஜோவா’. தந்தை பாடிய பாட்டுக்களே அதில் இருக்கின்றன. ‘டாண்டோ டெம்போ’ வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையின் பாட்டை முதலிலேயே பாடியிருந்தால் அது நகல் என்று போயிருக்கும். தன் தண்ணீரைத் தானே தேடிக் கண்ட பிறகு, திரும்பி வந்து அந்தக் கிணற்றடியில் நின்று ஒரு குடம் மொண்டு கொள்கிறபோது அதில் சோம்பலும் இல்லை, நன்றிகேடும் இல்லை. ஆரம்பத்தில் நான் கேட்ட மூன்றாவது வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும். அது தூரம் அதிகமான வழி. போய்த் திரும்ப ஆயுளில் பாதி பிடிக்கும். போகிறபோது கெடுத்துவிட்டாள் என்பார்கள், திரும்புகிறபோது அடங்கிவிட்டாள் என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கொண்டு, குரலை உயர்த்தாமல் நடப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். சத்தம் போடாமல் பாடத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தைரியம் இருக்கும் போலிருக்கிறது.